‘லாபம்’ என்று எண்ணத் தொடங்கிய குழந்தை

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறைக்குச் செல்லும் சாலையில் மகாராஜபுரம் என்றோர் ஊர் உண்டு. சதுரகிரி மலையேறப் போகிறவர்கள் பேருந்துச் சன்னல் வழியே பார்த்துக் கடந்துவிடும் ஊர். மலையடிவாரம், தென்னந்தோப்புகளும் வயல்களும் சூழ்ந்த இடம். சென்ற கோடை விடுமுறையில் அவ்வூரில் நண்பர் ஒருவரின் தோப்புக்குச் சென்றிருந்தோம். நாம் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர் என்று அறிந்ததும், தோப்பைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். தமிழ் இலக்கியம் படித்தவரிடம் குழந்தையின் கணக்குத் தாளைக் காட்டலாமா என்ற ஐயம் அவருக்கு இல்லை. ஊர்ப்புறத்தில் வாத்தியார் என்றால் எல்லாவற்றுக்கும் வாத்தியார்தான்.

“பேத்திக்குக் கணக்கே வரலைன்னு எழுதியிருக்காங்க சார். இன்னொரு வருசம் அதே வகுப்புல இருக்கட்டும்ங்கிறாங்க. மந்தமா சார் பிள்ளை?”

அது ஒரு மழலையர் பள்ளி தந்த மதிப்பீட்டுத் தாள். ஐந்து வயதுச் சிறுமியின் எண் திறனை ஆறு வரிகளில் அளந்திருந்தார்கள். எண்களை வரிசையாகச் சொல்லுதல்: இல்லை. படத்திலுள்ளவற்றை எண்ணிச் சொல்லுதல்: இல்லை. எண்ணுருவை அடையாளம் காணுதல்: பத்தில் நான்கு. எது அதிகம், எது குறைவு என்று கூறுதல்: ஆம். எஞ்சிய இரண்டு வரிகளிலும் இல்லை, இல்லை.

நாம் தாளைப் படித்துக்கொண்டிருந்தபோது அச்சிறுமி களத்தில் தாத்தாவின் வேலையைத் தானே செய்துகொண்டிருந்தாள். உரித்த தேங்காய்களை ஒவ்வொன்றாக உருட்டித் தள்ளியபடி, “லாபம்... ரெண்டு... மூணு...” என்று இழுத்து இழுத்து எண்ணினாள். பதினேழு வரை பிசகில்லாமல் வந்தாள்.

நெல் அளப்போர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள் என்பது வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். அளவு மங்கலமாகத் தொடங்க வேண்டும் என்ற நம்பிக்கை அது. பெரியவர் தேங்காயையும் அப்படியே எண்ணுகிறார். பேத்தியும் அதையே கற்றிருக்கிறாள். பள்ளியில் ஆங்கிலத்தில் எண்ணச் சொன்னபோது வாய் திறக்கவில்லை என்றும், தமிழில் சொல்லச் சொன்னபோது ‘லாபம்’ என்று தொடங்கியதும் வகுப்பே சிரித்தது என்றும் அவளுடைய தாய் சொன்னார்.

அந்தத் தாளை எப்படிப் புரிந்துகொள்வது? இக்கேள்வியோடு ஊர் திரும்பினோம். ஒரு குழந்தையின் எண்ணறிவை அளப்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று. யார் அளந்தார்கள், எதை அளந்தார்கள், அளந்ததால் என்ன நேர்ந்தது என்பதற்கு இருநூறு ஆண்டுச் செய்தியாவது எழுத்தில் கிடைக்கிறது. அதைச் சற்றே பின்தொடர்ந்து பார்த்தால் மகாராஜபுரத்துத் தாளும் விளங்கும் என்று தோன்றியது.

திண்ணையில் நடந்த தேர்வு

1822ஆம் ஆண்டு ஜூன் மாதம், சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்டந்தோறும் எத்தனை பள்ளிகள் உள்ளன, அவற்றில் யார் யார் படிக்கிறார்கள் என்று கணக்கெடுத்து அனுப்புமாறு ஆட்சியர்களுக்கு ஆணையிட்டார். 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பு, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாகக் கூறுகிறது. ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் அன்று திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1910இல்தான் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகி அதனுள் வந்தது. இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. ஆகவே இவ்வட்டாரத்துத் திண்ணைப் பள்ளிகளைத் திருநெல்வேலிக் கணக்கில்தான் தேட வேண்டும்.

அப்பள்ளிகளில் கணக்குப் பாடம் எப்படி இருந்தது? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு இப்பொருளை நெடுங்காலம் ஆராய்ந்து 2022இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டிருக்கிறார். திண்ணைக் கணக்குக் கல்வியைப் பற்றி அறிய விரும்புவோர் தவறவிடக் கூடாத நூல் அது. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாத்து என்று சுவடிகள் அடுத்தடுத்து நின்றன. பொன்னிலக்கம் எண்களின் வரிசை. அது ‘ஒன்று’ என்று தொடங்குவதில்லை, முந்திரியிலிருந்து தொடங்குகிறது. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. இரண்டு முந்திரி ஓர் அரைக்காணி, இரண்டு அரைக்காணி ஒரு காணி, நான்கு காணி ஒரு மா, ஐந்து மா கால். இப்படிச் சிறியதைச் சேர்த்துச் சேர்த்து ஒன்றை அடைந்து, பின்னர் பத்து, நூறு என மேலே போவது. ‘ஒன்று’ என்பது அங்கே பல படிகளைக் கடந்து சென்று சேரும் இடமாக இருந்தது.

நெல்லிலக்கம் முகத்தலளவை. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். களத்தில் நெல் அளக்கும்போது காதில் விழும் சொற்களே பாடமாகவும் இருந்தன. எண்சுவடி வாய்பாடு, குழிமாத்து நிலப்பரப்பைக் காணும் பெருக்கல். விரலால் மணலில் எழுதி, பின் ஓலையில் எழுதி, வாய்விட்டுச் சொல்லி, மற்றவர் சொல்வதைக் கேட்டு மனத்தில் இருத்திக்கொள்வது கற்கும் முறை. உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ படித்தவர்களுக்கு அக்காட்சிகள் புதியன அல்ல.

அங்கே தேர்வு என்று தனியாக ஒரு நாள் இல்லை, நாள்தோறும் தேர்வுதான். சட்டாம்பிள்ளை கேட்பான், பின்னர் ஆசிரியர் கேட்பார். பள்ளி நடப்பது தெருவைப் பார்த்த திண்ணையில். ஆகவே சொல்லும் பிள்ளையும் திணறும் பிள்ளையும் ஊரார் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தொலைவிலேயே இருந்தார்கள். மன்றோவின் கணக்கெடுப்புக்குப் பெல்லாரி ஆட்சியர் கேம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கையில் வேறொரு செய்தியும் உண்டு. காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்களாம். இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழி. மூன்றாமவனுக்கு மெல்லிய அடி ஒன்று, நான்காமவனுக்கு இரண்டு, அடுத்தடுத்து வருவோருக்கு ஒவ்வோர் அடி கூடுதல். பாராட்டும் இல்லாமல் பழியும் இல்லாமல் நிற்பதற்குச் சுழி! வரிசை, ஒன்றுக்கொன்று பொருத்துதல், ஒன்று கூடுதல், சுழியம் என்று எண்ணறிவின் நான்கு பாடங்கள் அப்பிள்ளைகளுக்கு உள்ளங்கையிலேயே நடந்தன. வலியோடு நடந்தன என்பதையும் மறக்கலாகாது.

இவ்விடத்தில் ஒரு வார்த்தை. திண்ணைப் பள்ளியை நினைத்துப் பெருமூச்சு விடுவது நம்மைப் போன்ற தமிழாசிரியர்களுக்கு எளிது. ஆனால் மன்றோவின் கணக்கிலேயே பெண் பிள்ளைகள் மிகச் சிலர். ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமில்லை. பிள்ளைகள் பொருள் விளங்காமல் உருப்போடுகிறார்கள் என்று கேம்பெல்லே குறை கூறியிருக்கிறார். களத்தில் தேங்காய் எண்ணிய நம் சிறுமிக்கு 1823ஆம் ஆண்டுத் திண்ணையில் மதிப்பீட்டுத் தாள் கிடைத்திருக்காது. ஏனெனில் அவள் அங்கே உட்கார்ந்திருக்கவே முடியாது.

தலைக்கு இவ்வளவு என்று வந்த தேர்வு

சென்னையில் கண்டது இங்கிலாந்துக்கும் போயிற்று. எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு அதைத் தம் விடுதியில் நடைமுறைப்படுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தெடுத்து, 1797இல் இலண்டனில் ஒரு நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்று அது பெயர் பெற்றது.

இங்கிலாந்திலிருந்து பின்னாளில் இங்கே வந்து சேர்ந்தது வேறொன்று. 1862இல் அந்நாட்டில் ‘தேர்ச்சிக்கேற்ற மானியம்’ என்ற விதி நடைமுறைக்கு வந்தது. ஆய்வாளர் வருவார், படித்தல், எழுதுதல், கணக்கு மூன்றிலும் ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார், தேறிய பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பள்ளிக்குப் பணம். 1860களின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்திலும் இம்முறை புகுந்தது. திண்ணைப் பள்ளிகள் மானியம் பெற வேண்டுமானால் ஆய்வாளர் கேட்கும் கணக்கைக் கற்பிக்க வேண்டியதாயிற்று.

இதன் விளைவைச் சிந்திக்க வேண்டும். பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அறிவதற்காக அன்றுவரை கேட்கப்பட்ட கேள்வி, ஆசிரியருக்கு எவ்வளவு பணம் என்று தீர்மானிக்கும் கேள்வியாக மாறிவிட்டது. கேள்வியின் சொற்கள் மாறவில்லை. ஏழும் எட்டும் எவ்வளவு என்பதுதான். ஆனால் தவறான விடைக்கு இப்போது விலை உண்டு. விலை வந்தபின் ஆசிரியர் பிழையிலிருந்து எதையும் அறிந்துகொள்ள முயலமாட்டார். அதை மறைக்கவே முயல்வார். ஆய்வாளர் கேட்காத பாடம் திண்ணையை விட்டு மெல்ல இறங்கிப் போகும். முந்திரியும் மாகாணியும் போன வழிகளுள் இதுவும் ஒன்று. 1957 ஏப்ரலில் ரூபாய் நூறு காசாகப் பிரிக்கப்பட்டபோது, பதினாறில் ஒன்றான வீசத்துக்கு நிகராக நின்ற அணாவும் போயிற்று. தொடர்ந்து வந்த மெட்ரிக் அளவைகள் படியையும் மரக்காலையும் கடையிலிருந்து அகற்றின. அம்மாற்றங்களால் வணிகமும் கணக்கும் எளிதாயின என்பதில் ஐயமில்லை. எனினும் பழைய எண் பேச்சில் எஞ்சியவை ‘லாபம்’ போன்ற சில சொற்களே.

குழந்தையிடம் கேட்கத் தெரிந்துகொண்ட காலம்

இருபதாம் நூற்றாண்டில் வேறொரு திசையிலிருந்து வெளிச்சம் வந்தது. சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே, குழந்தையின் எண் கருத்தைப் பற்றி 1941இல் பிரெஞ்சு மொழியில் நூலொன்று வெளியிட்டார். இரண்டு வரிசைகளில் சம எண்ணிக்கையில் பொருள்களை வைத்து, பின் ஒரு வரிசையை மட்டும் அகலப்படுத்திக் கேட்டால், சிறு குழந்தைகள் நீண்ட வரிசையில்தான் அதிகம் என்கிறார்கள். எண்ணிக்கை மாறாது என்ற உணர்வு ஆறேழு வயதில்தான் உறுதிப்படுகிறது என்று அவர் கருதினார்.

1974இல் மெக்காரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் என்ற இருவர் அதே சோதனையைச் சிறு மாற்றத்துடன் செய்தார்கள். வரிசையைக் கலைத்தது பெரியவர் அல்லர். ஒரு குறும்புக்காரப் பொம்மைக் கரடி. அவ்வளவுதான் மாற்றம். முன்பு தவறிய வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் இப்போது சரியாகச் சொன்னார்கள். பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே வரிசையை மாற்றிவிட்டு அதே கேள்வியை மீண்டும் கேட்டால், விடையும் மாற வேண்டும் போலும் என்று குழந்தை எண்ணுகிறது. கேட்பவரின் மனத்தைப் படிக்க முயன்று தோற்கிறது. நாம் அதைக் கணக்கில் தோற்றதாக எழுதிக்கொள்கிறோம்.

1978இல் கெல்மன், கேலிஸ்டல் இருவரும் எண்ணுதல் என்ற ஒரே செயலுக்குள் ஐந்து விதிகள் அடங்கியிருப்பதைப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு பெயர். பெயர்கள் எப்போதும் ஒரே வரிசையில் வர வேண்டும். கடைசியாகச் சொன்ன பெயரே மொத்தம். எதை வேண்டுமானாலும் எண்ணலாம். எங்கிருந்து தொடங்கி எண்ணினாலும் தொகை ஒன்றே. இதை வைத்து நம் சிறுமியைப் பார்த்தால், இரண்டாம் விதி கேட்பது மாறாத வரிசையை மட்டுமே. அவ்வரிசையின் முதற்பெயர் ‘ஒன்று’ என்றுதான் இருக்க வேண்டும் என்று எண்ணும் திறன் கோருவதில்லை. அது ஊர் வழக்கு, பள்ளி வழக்கு. எப்போதும் ‘லாபம்’ என்று தொடங்கும் குழந்தை விதியைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறாள்.

களத்தில் நாம் கண்டவை

அன்று நாமும் ஒரு சிறு சோதனை செய்தோம். புளியங்கொட்டைகளைப் பரப்பி, “எனக்கு ஆறு கொடு” என்றோம். எண்ணி எடுத்து ஆறைக் கொடுத்தாள். ஏழு கொட்டைகளை எண்ணி முடித்ததும் “மொத்தம் எத்தனை?” என்றோம். மீண்டும் எண்ணாமல் “ஏழு” என்றாள். கடைசிப் பெயரே தொகை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அப்படியானால் பள்ளித் தாளில் படத்திலிருந்த வாத்துகளை ஏன் எண்ண முடியவில்லை? ஒரு பழைய நாட்காட்டிப் படத்தில் சிதறியிருந்த பூக்களைக் காட்டினோம். எண்ணியதையே திரும்ப எண்ணினாள்; சிலவற்றை விட்டாள். தேங்காயை எண்ணியவுடன் அந்தப் பக்கம் தள்ளிவிடலாம், புளியங்கொட்டையை நகர்த்தலாம், அச்சிட்ட வாத்தை எங்கே தள்ளுவது? எண்ணியது, எண்ணாதது என்று கையால் பிரித்துப் பழகிய குழந்தைக்குக் கண்ணால் பிரிக்க இன்னும் பழக்கமில்லை. தாளில் இருந்த ‘இல்லை’ என்ற சொல்லுக்கு இதுதான் பொருள்.

எண்ணுருக்களில் அவள் செய்த பிழை வேறு வகை. பதினான்கை 41 என்று எழுதினாள். தமிழில் பதினான்கு என்பதில் பத்து முன்னே, நான்கு பின்னே. ஆங்கிலத்தில் ‘ஃபோர்ட்டீன்’ என்னும்போது நான்கு முதலில் ஒலிக்கிறது. பள்ளி சொல்லித் தந்தது அதை. காதில் விழுந்த வரிசைப்படியே எழுதியிருக்கிறாள். தமிழும் எல்லா இடத்திலும் நேர்வழியில் போவதில்லை. “எண்பத்தொன்பதுக்கு அப்புறம் என்ன?” என்று அவளுடைய அண்ணனைக் கேட்டபோது, அவன் சற்று யோசித்து “எண்பத்திப்பத்து” என்றான். சிரிப்பதற்கில்லை. ஒன்பதும் பத்தும் சேர்ந்து தொண்ணூறு ஆவதற்குத் தொல்காப்பியரே குற்றியலுகரப் புணரியலில் தனி விதி சொல்ல வேண்டியிருந்தது. அப்பையன் விதியை அறிந்தவன். விதிவிலக்கை இன்னும் அறியாதவன்.

ஆயினும் தாளை முழுவதும் பொய் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. “அஞ்சு தேங்காய் இருக்கு, இன்னும் மூணு வந்தா?” என்றபோது, ஐந்திலிருந்து மேலே எண்ணாமல் மறுபடியும் ‘லாபம்’ முதல் தொடங்கினாள். பின்னோக்கி எண்ண வரவில்லை. எழுதிய எண்ணைப் படிப்பதில் தடுமாற்றம் மெய்யானது. களத்துக் கணக்கு தானாகவே ஏட்டுக்கு வந்துவிடும் என்று நம்பியிருந்தால் அவளுக்கு நாம் தீங்கு செய்தவர்களாவோம். பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் பொருள் விற்ற சிறுவர்களை ஆராய்ந்து 1985இல் வெளியான கட்டுரை, கடையில் பிழையின்றிக் கணக்கிட்டவர்கள் அதே கணக்கைத் தாளில் கொடுத்தபோது தடுமாறியதைக் காட்டியது. 2025இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் கொல்கத்தாவிலும் தில்லியிலும் நடத்திய ஆய்வும் இதையே கண்டது. சந்தையில் விற்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கணக்கு வரவில்லை. பள்ளியில் மட்டும் படித்த பிள்ளைகளுக்குச் சந்தைக் கணக்கு வரவில்லை. இரண்டுக்கும் நடுவே பாலம் போடுவது ஆசிரியரின் வேலை. பாலம் எங்கே அறுந்திருக்கிறது என்று காட்டுவது மதிப்பீட்டின் வேலை.

இன்று நம் நாட்டில் நடக்கும் சில முயற்சிகள் இத்திசையில் செல்கின்றன. பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் ‘அசர்’ கணக்கெடுப்பில், தன்னார்வலர் வீட்டுக்கே சென்று ஒரு குழந்தையோடு தனியே அமர்ந்து கேட்கிறார். இருவரும் சேர்ந்து அக்குழந்தையால் எட்ட முடிந்த படியைத் தேடுகிறார்கள். கழித்தல் வரவில்லையா, ஈரிலக்க எண்களைக் காட்டு. அதுவும் இல்லையா, ஒன்று முதல் ஒன்பது வரை காட்டு. 2022இல் இந்திய ஊரகங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 25.9 விழுக்காட்டினரே கழித்தல் செய்தார்கள். 2024இல் அது 33.7 ஆயிற்று. கொரோனாவுக்குப் பின் 2022 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது. திட்டத்தின் நடைமுறையில் குறை காண்போர் உண்டு. ஆனால் அப்பெயர்கள் நமக்குப் பிடித்திருக்கின்றன. அரும்பை யாரும் தவறிய மலர் என்று சொல்வதில்லை. நம் கவலையெல்லாம், அப்பெயர்களும் நாளடைவில் மானியக் கணக்கின் தலையெண்களாகி விடக் கூடாது என்பதே.

பெரியவரிடம் என்ன சொன்னோம் என்று வாசகர்கள் கேட்கலாம். பிள்ளை மந்தம் இல்லை என்று முதலில் சொன்னோம். தேங்காய் எண்ணும்போது ஒவ்வொரு பத்துக்கும் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் எண்ணையும் அவளையே எழுதச் சொல்லுமாறு கூறினோம். பூப்படத்தில் எண்ணிய பூவின் மேல் ஒரு புள்ளி வைக்கக் கற்றுக்கொடுத்தோம். அதன்பின் பதினொரு பூக்களைச் சரியாக எண்ணினாள். இவ்விவரங்களை ஒரு தாளில் எழுதிப் பள்ளியில் கொடுக்கும்படி தாயிடம் தந்தோம். ஒரே வகுப்பில் நிறுத்துவதா, மேலே அனுப்புவதா என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

விடைபெறும்போது பெரியவர் சற்றுத் தயங்கினார். “இனிமே நான் ஒண்ணுன்னே சொல்லிர்றேன் சார்” என்றார். வேண்டாம் என்றோம். ஒரு குழந்தைக்கு ஒன்றுக்கு இரண்டு பெயர் தெரிந்திருப்பதால் எந்தக் கணக்கும் தவறிவிடாது.